வெறும் பிராக்டீஸ்

"இன்னிக்கு வெறும் பிராக்டீஸ் மேட்ச்தான், மெட்டில்டா. ஞாயித்துக்கிழமைதான் செலக்‌ஷன்" என்று கண் இமைக்காமல் பொய் சொன்னாள் கேப்டன் ஜெயசீலி.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பெண்கள் கால்பந்து ஆடுவதையே ஊர் கூடி வேடிக்கை பார்த்த 1976-ஆம் வருடம். தாம்பரம் அணியில் மெட்டில்டாவைப் போல் கோல் போட ஆளில்லை. ஆனால், பெரிய ஆட்டம் என்றால் அவளுக்குக் கால் மரத்துப்போகும். போன மாதம் பல்லாவரத்தில், ஆளே இல்லாத கோலை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்து அடித்தாள். மாநில அணிக்கு இன்றே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் அவ்வளவுதான்.

"அப்பாடா! அப்ப ஜாலியா ஆடலாம்" என்றாள் மெட்டில்டா. "வேப்பமரத்தடியில நோட்டும் கையுமா நிக்கிறாங்களே, யாருக்கா அவங்க?"

"கிரவுண்டை வாடகைக்குக் கேட்டு வந்திருக்காங்க. நீ பூட்ஸைக் கட்டு."

விசில் ஒலித்தது. முதல் பாதியிலேயே மெட்டில்டா இரண்டு கோல் போட்டாள். கோல் போஸ்ட்டில் நின்ற ஜெயசீலி, ஆட்டம் முழுக்க அவளையே கவனித்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த மும்முரத்தில், பல்லாவரத்தில் கை நடுங்கித் தான் மூன்று கோல் விட்டது ஜெயசீலிக்கு நினைவுக்கே வரவில்லை. கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியைக்கூடப் பாய்ந்து தட்டிவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடி ஆசாமிகள் இரண்டு பெயர்களைப் படித்தார்கள். மெட்டில்டா. ஜெயசீலி.

ஜெயசீலி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சுக்கடி, பொய் சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் செலக்‌ஷன்!"

"தெரியும்க்கா. போன வாரமே உங்க பையில செலக்‌ஷன் லெட்டரைப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமா பயமில்லாம ஆடின?"

"பயமில்லையா? காலையிலேருந்து ரெண்டு வாட்டி வாந்தி" என்று மெல்லச் சிரித்தாள் மெட்டில்டா. "ஆனா என்னைப் பாத்துக்கற வேலை இருந்தாத்தான் உங்களுக்குக் கை நடுங்காது. அதான் நம்பின மாதிரியே இருந்துட்டேன்."