மூன்று விநாடி மௌனம்

"மூச்சு விடாதே. இப்ப வரும் பாரு... இதோ, இதோ!"

லிஃப்ட் மெக்கானிக் கையை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். பாடகியின் குரல் உச்சிக்கு ஏறி, சட்டென்று நின்றது. தபேலாவும் நின்றது. மூன்று விநாடி சுத்த மௌனம். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி குரல் அடுத்த வரியில் கிளம்பியது.

"எப்படி?" என்றார் மனைவியிடம்.

"நல்லாத்தான் இருக்கு. இந்தப் போர்வையோட அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் அவள், துவைத்த துணிகளை மடித்தபடி.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் மனுஷருக்குக் கால் தரையில் பாவாது. ஆபீஸ் கட்டடமெல்லாம் பூட்டியிருக்கும். நாலாவது மாடியில் மாட்டிக்கொண்டேன் என்று யாரும் போனில் கத்த மாட்டார்கள். அந்தப் பத்து நாளும் அந்தப் பாடகியின் ரசிகர் வட்டத்தின் இணையப் பக்கத்தில் ஆளுக்கொரு டைரி. தினம் ஒரு பாட்டு கேட்டு, கேட்டதை எழுத வேண்டும். பத்தாம் நாள் பாடகியே எல்லாவற்றையும் படித்து, பிடித்த ஒரே ஒரு டைரிக்குக் கீழே ஒரு வரி எழுதுவார். நம்ம ஆள் ஒன்பது வருஷமாக எழுதுகிறார். ஒரு வரி என்ன, ஒரு எழுத்துகூடக் கிடைத்ததில்லை. போன வருஷம் அது ஒரு பல் டாக்டருக்குப் போனது. மெக்கானிக் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்றைக்குப் பத்தாம் நாள். இந்தப் பாட்டைக் கடைசிக்கென்றே பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பாடகி இதை ரேடியோவில் நேரடியாகப் பாடினார். அந்த ஒரு தடவையோடு சரி. ரேடியோ நிலையத்தில்கூடப் பதிவு கிடையாது. மெக்கானிக் வீட்டுக் கேசட்டில் பிடித்தது மட்டும்தான் மிச்சம். வட்டத்தில் அத்தனை பேரும் கேட்பது அதன் நகலைத்தான்.

"காலையில போட்டேன், அதுக்குள்ள நூத்திப்பத்துப் பேர் படிச்சாச்சு. பல் டாக்டரே கண் கலங்கிட்டானாம்! கேளு, படிக்கிறேன்."

"படிங்களேன், யாரு வேணாங்கறா?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'இது வெறும் மௌனம் இல்லை. வரவேண்டியவர் வந்துவிட்டாரோ என்று பாட்டை நிறுத்திவிட்டு வாசலுக்குக் காது கொடுக்கிற ஒருத்தியின் மௌனம்...'"

துணி மடித்த கை நின்றது. "ஏங்க, இது நம்ம பழைய வீட்டுல, ரேடியோ முன்னாடி டேப் ரெக்கார்டரை வெச்சுப் பிடிச்சதுதானே?"

"ஆமா. அன்னைக்கு எனக்கு டியூட்டி. நீதானே பட்டனை அமுக்கினே?"

"அமுக்கினேன். நடுவுல மாடிப்படியில செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் சீக்கிரம் வந்துட்டீங்களோன்னு ரேடியோ சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சுட்டுக் கேட்டேன். மேல் வீட்டுக்காரர். உடனே பழையபடி கூட்டி வெச்சுட்டேன்."

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடிப்பாவி! இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"நீங்க என்னைக்கு என்னைக் கேட்டீங்க? ஹெட்போனை மாட்டிட்டா வீடே இடிஞ்சு விழுந்தாலும் திரும்ப மாட்டீங்க. அப்ப கல்யாணமான புதுசு வேற. சொன்னாத் திட்டுவீங்களோன்னு பயம். அப்புறம் மறந்தே போச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தார். செருப்புச் சத்தத்துக்கெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற அந்தப் புதுப்பெண் நினைவுக்கு வந்தாள். வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது. ஆனால் மானம்? அது நூற்றுப்பத்துப் பேர் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"கமுக்கமா இருந்துடுங்களேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"பாடினவங்களுக்குத் தெரியாதா? தான் நிறுத்தவே இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாதா? இந்நேரம் படிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிச்சிட்டிருப்பாங்க. வேணாம், நானே சொல்லிடறேன். பொய்யை வெச்சு ஒரு வரி வாங்கி அதை என்ன, ஃப்ரேம் போட்டா மாட்ட முடியும்?"

ஒற்றை விரலால் போனில் தட்ட ஆரம்பித்தார். 'நண்பர்களே, மன்னிக்கவும். அந்த மௌனம் பாடகியுடையது அல்ல. என் மனைவியுடையது...' ஒன்பது வருஷ ஆசை கையை விட்டுப் போகிறது என்று தெரிந்தது. வருத்தம்தான். ஆனாலும் எழுத எழுத மனசு என்னவோ லேசாக இருந்தது. அவள் டீயோடு வந்து பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"என்னைப் பத்தி ரொம்ப எழுதாதீங்க, வெக்கமா இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா உன்னைத்தான் கேட்டு ரசிச்சிருக்கேன். எழுதாம?"

'அனுப்பு' என்ற பட்டனுக்கு அவர் விரல் போனபோது போன் டிங்கென்றது.

"ஏங்க! உங்க டைரிக்குக் கீழே பாடகி பேர்ல என்னவோ வந்திருக்கு!"

"போச்சு. நான் சொல்லலை? நீயே படி, என்னால முடியாது." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் போனை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"'இத்தனை வருஷம் கழித்து ஒருவருக்காவது புரிந்ததே, மனசு நிறைந்துவிட்டது. அந்த மூன்று விநாடி மௌனத்துக்காக நானும் தபேலாக்காரரும் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம்.'"