வெறும் வயிறு

எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீட்டு மறியலால் பஸ் ஓடவில்லை. சடையனும் மனைவி இருசம்மாளும் சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்திருந்தார்கள்.

“சோறு எறங்கலன்னு பொலம்பிக்கினே இருக்காருங்க. கொழாய வுட்டுப் பாத்துடுங்க,” என்றாள் இருசம்மாள்.

“வெறும் வயிறுதானே?” டாக்டர் கலையரசி எண்டோஸ்கோப்பை எடுத்தாள்.

“பச்சத்தண்ணிகூட குடிக்கலிங்க. அவளுந்தான்,” என்றார் சடையன்.

“நீங்க ஏம்மா பட்டினி?”

“அவரு சாப்புடாம நான் என்னிக்கிங்க சாப்புட்டேன்?”

“அத்த நம்பித்தாங்க நடிச்சேன்.” சடையன் கட்டிலிலிருந்து இறங்கினார். “எனுக்கு ஒன்னுமில்ல. மூணு மாசமா சோறு எறங்காம மறைக்கிறவ இவதான். கூப்ட்டா வரமாட்டா.”

இருசம்மாள் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

குழாய் வழியே பார்த்ததில், உணவுக்குழாயின் உள்தோலில் ஓரிடம் நிறம் மாறியிருந்தது. புற்றுநோயின் ஆரம்பம்தான், குணப்படுத்திவிடலாம்.

கலையரசி சடையனை வியப்போடு பார்த்தாள். “மருந்தால அவங்களுக்குத் தொண்டை மரத்திருக்கும், சாப்புட ஒரு மணி நேரம் ஆகட்டும். நீங்க போயி சாப்புடுங்க.”

சடையன் நகரவில்லை.

“அவளும் வரட்டுங்க.”