கருத்தாயியின் பயிற்சியாளர்

குட்டையில் சுகமாகப் படுத்த கிழட்டு எருமை கருத்தாயியால் திரும்ப எழுந்திருக்க முடியவில்லை. மந்தையே திரண்டு முட்டித் தள்ளித்தான் கரையேற்றியது. இன்னொரு தடவை இப்படி ஆனால் சேற்றோடு சேறாகக் கிடக்க வேண்டியதுதான் என்று பயந்துபோய், உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் தேடினாள்.

முதலில் குதிரை வந்தது. பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. படுத்தா எப்படி எழுந்திருக்கிறது, அதைச் சொல்லு."

"நான் படுக்கிறதே இல்லை பெரியம்மா. நின்னுக்கிட்டே தூங்கிடுவேன்."

கருத்தாயி அதை அனுப்பிவிட்டாள்.

அடுத்து ஓர் ஈ வந்தது. தன்னைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. "எங்கெங்க வலிக்குது பெரியம்மா?" என்று மட்டும் கேட்டது. இத்தனை வயதில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. கருத்தாயி உருகிப்போய் கழுத்து, இடுப்பு, முட்டி என்று ஒன்று விடாமல் சொல்லி, அப்போதே அதை வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து அவள் கழுத்தைத் திருப்பினால் ஈ இடுப்பில் இருந்தது. வாலை வீசினால் முட்டிக்குப் போனது. குட்டையில் படுத்தால் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. கருத்தாயி சீறிக்கொண்டு எழுந்து, மேடு வரைக்கும் அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

ஒருநாள் அதைப் பார்த்த குதிரை வாயைப் பிளந்தது. "நீங்களே எழுந்து ஓடறீங்களே பெரியம்மா. அந்த ஈ அப்படி என்னதான் பயிற்சி கொடுத்துச்சு?"

"பயிற்சி எங்க ஆரம்பிச்சுது?" கருத்தாயிக்கு மூச்சிரைத்தது. "அந்தச் சனியன் ஒரு இடத்துல நின்னாத்தானே கேக்க முடியும்? அதைத் துரத்தறதுலயே எனக்குப் பொழுது போயிடுது."