நான்காவது வட்டம்

தோள்பட்டை ஆபரேஷனுக்கு முன், கழுத்து நரம்பருகே மரத்துப்போகும் ஊசி போட வேண்டும். டாக்டர் முனீரா, செல்லக்கண்ணுவின் வலக்கழுத்தில் ஸ்கேன் கருவியை வைத்தார். திரையில் நரம்புகள் மூன்று கறுப்பு வட்டங்களாகத் தெரிய வேண்டும். நான்கு தெரிந்தன.

"மூணாவது மெஷின்! இதுவும் நாலு காட்டி உயிரை வாங்குதே!" என்றார் முனீரா.

"சீக்கிரம் லா டாக்டர், காலையிலேருந்து பச்சத்தண்ணிகூட குடிக்கல" என்றார் செல்லக்கண்ணு.

மெஷினைச் சோதிக்க, எரிச்சலோடு தன் வலக்கழுத்திலேயே கருவியை அழுத்தினார் முனீரா. இரண்டு வட்டங்கள்தான் இருந்தன. ஜெல்லை அப்பி மறுபடி பார்த்தார். இரண்டேதான்.

அதற்குள் செல்லக்கண்ணு எழுந்து உட்கார்ந்து, எட்டு மாதமாகத் தூக்க முடியாத வலக்கையால் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "வலி போச்சு. நான் உட்லண்ட்ஸ் வீட்டுக்குக் கிளம்புறேன்."

"அங்கிள், படுங்க!" அவரைத் தடுக்கக் கையை நீட்டப் போனார் முனீரா. வலக்கை எழவே இல்லை.