வண்டி மேல் நிற்பவர்

“அவரு நின்னுக்கிட்டேதான் வருவாரு தேவா. உக்கார மாட்டாரு” என்றாள் ஷாமினி.

பக்கத்து வீட்டுத் தேவன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பிக்கப்பின் கூரையைப் பார்த்தான். “கூரை மேல ஆளு நின்னா போலீஸ்காரன் சம்மன் குடுப்பான்க்கா. யாரு அது?”

“நீ கேரியர மட்டும் செய்யிலா. நடுவுல ஒரு வளையம் வச்சிரு. காலு ஆடாம நிக்கணும்.”

கேரியருக்கு இரும்பு வாங்கவில்லை. அவளுடைய இரட்டைக் கட்டிலின் சட்டங்களைத்தான் தேவன் அறுத்துக்கொண்டிருந்தான். கணவன் சுகுமாரன் இறந்து எட்டு மாதம். அவ்வளவு அகலத்தில் தனியாகப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பிரச்சினை வண்டிதான். பீடோர் காலைச் சந்தையில் அந்தப் பிக்கப்பை நிறுத்தித்தான் அவள் நாசி லெமாக் சோறு விற்றாள். ஆனால் வண்டி சுகுமாரனின் அண்ணன் சதாசிவத்தின் பெயரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவதாகத் தெலுக் இந்தானிலிருந்து போன் செய்திருந்தார். மருமகனுக்கு வேண்டுமாம்.

‘முடியாது’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ‘சரிங்க மாமா’ என்று வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும்.

கூரையில் கீறல் விழாமல் சைக்கிள் டியூப்பை மடித்து அடியில் கொடுத்து, நாலு மூலையிலும் கொக்கி போல்ட் போட்டு முடுக்கினான் தேவன். பிடித்து ஆட்டினான். வண்டிதான் ஆடியது, கேரியர் ஆடவில்லை.

“உங்க ஆளு இப்ப மேல ஏறி டான்ஸே ஆடலாம்” என்றான்.

ஞாயிறு காலை சதாசிவம் சாவிக்கு நீட்டிய கையோடுதான் வந்தார். கூரையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

கேரியரின் நடுவில், நாலடி உயரத்தில், தலையிலிருந்து கால்வரை மஞ்சள் துணி போர்த்திய ஓர் உருவம். கழுத்தில் எலுமிச்சை மாலை. காலடியில் ஒரு சுருட்டு.

“யாரும்மா இது?”

“இனிமே இங்கதான் மாமா இருப்பாரு. எறக்க முடியாது.”

“நம்ம முனியாண்டியா?” குரல் தாழ்ந்துவிட்டது. குடும்பம் முன்பு குடியிருந்த சுங்காய்த் தோட்டத்தில், முனியாண்டி சாமி மரத்தடியில் ஒருமுறை ஒன்றுக்குப் போய்விட்டு, அன்று மாலையே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர் அவர். தோட்டத்தைக் கம்பெனி விற்று, மரத்தையும் கோயிலையும் புல்டோசர் வைத்துத் தள்ளிய பிறகு சாமி எங்கே போனாரோ என்று அவருக்கு நெடுநாள் கவலை.

ஷாமினி ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு நன்றாகப் பழகிய வேலை அது.

“இன்னும் கண்ணு தெறக்கலயா?”

“இல்ல மாமா.”

அந்த நேரம் பார்த்துக் காற்றடித்தது. துணிக்குள் இருந்த தலை மெல்ல இடப்பக்கம் திரும்பி, நேராகச் சதாசிவத்தைப் பார்த்து நின்றது.

அவருடைய செருப்புகள் ஆளுக்கொரு திசையில் போய் விழுந்தன. கன்னத்தில் போட்டுக்கொண்டவர் தார் ரோட்டிலேயே முட்டி போட்டுவிட்டார்.

“மருமகனுக்கு வேற வண்டி பாத்துக்கலாம்மா. நாளைக்கே உன் பேருக்கு மாத்தித் தரேன். சாமிகிட்ட நான் வண்டி கேட்டதா ஒண்ணும் சொல்லிறாத.”

சாமிக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்துபோய்க் காரில் ஏறினார்.

படபடப்பு வரும் என்று ஷாமினி காத்திருந்தாள். வரவில்லை. கொஞ்சம் பொறாமைதான் வந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் ஒருநாளும் தன்னை இப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

வேலிக்கு அப்பால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தேவன், வெறுங்காலோடு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா அக்கா. வெல்டிங் அடிக்கும்போது என்னென்னமோ கெட்ட வார்த்தைலாம் பேசிட்டேன். மேல ஏறி மன்னிப்பு கேட்டுட்டு வரவா?”

டயர் மேல் கால் வைத்து ஏறிய ஷாமினி, திரும்பியிருந்த தலையை நேராக்கினாள்.

“கழுத்து லூசான ஸ்டாண்ட் ஃபேன்கிட்டயா?”