கழற்றிய வயர்

"என்னைக் கொல்லப் பாக்குறாங்க தம்பி. வீட்டுக்குள்ளயே ஆள் இருக்கு!"

காரை விட்டு இறங்கும்போதே பெரியவர் மெக்கானிக்கிடம் கத்தினார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்தப் பழைய காரின் ஒவ்வொரு முனகலும் அவருக்கு அத்துப்படி. வழி முழுக்க டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக முறைத்துக்கொண்டே வந்தது. அந்தப் பயத்தில், தெரிந்த தெருவிலேயே இரண்டு முறை தப்பாகத் திரும்பிவிட்டார்.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, இன்ஜின் ஓட ஓட பேட்டரியில் மீட்டரை வைத்தான்.

"ஓடும்போது பதினாலு வோல்ட் காட்டணும் சார். பன்னெண்டைக்கூடத் தொடல. ஆல்டர்னேட்டர்லேருந்து பேட்டரிக்கு சார்ஜே ஏறல."

"பெல்ட்டு?"

"பெல்ட்டு டைட்டாத்தான் இருக்கு."

இன்ஜினை நிறுத்திவிட்டு, டார்ச்சுகூட இல்லாமல் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் கைவிட்டுத் தடித்த வயர் ஒன்றை வெளியே இழுத்தான். நட் கழற்றப்பட்டு, முனையில் கறுப்பு டேப் பொறுமையாகச் சுற்றப்பட்டிருந்தது.

பெரியவர் அந்த டேப்பைத் தடவிப் பார்த்தார். "தானா கழண்ட வயரு தனக்குத்தானே டேப்பு சுத்திக்குமா? இது தொழில் தெரிஞ்சவன் வேலை தம்பி."

"பேட்டரியில இருக்கறத வச்சு ஊருக்குள்ள ஓடும் சார். ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடலாம். ரொம்ப தூரம் போனாத்தான் நின்னுடும்."

"அதான்யா திட்டமே! நான் நடுரோட்டுல நிக்கணும், பின்னால லாரிக்காரன் வந்து ஏத்தணும்." குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைதான். வண்டிய வித்துடுங்க மாமான்னு ஒரு மாசமா நச்சரிக்கிறார். ஆளைப் பாத்தா இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி இருப்பார்."

மணி மூன்று. மூன்றரைக்குப் பேத்தி பள்ளி வாசலில் நிற்பாள். அவள் பின்சீட்டில் இருக்கும்போது வண்டி நின்றால்? பெரியவர் கைகூப்பினார்.

"நான் வாழ்ந்து முடிச்சவன், போனாப் போறேன். குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு? உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், வயரை மாட்டிவிடு."

மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கவில்லை. அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"மாப்பிள்ளை மேல பழி போடாதீங்க சார். கழட்டினது நான்தான்."

பெரியவர் இரண்டடி பின்வாங்கினார்.

"யாரு... யாரு சொல்லிக் கழட்டின?"

"நீங்க சொல்லித்தான். பேத்திய ஏத்திக்கிட்டு எங்கயோ தொலைதூரம் போயி, வீட்டுக்கு வழி தெரியாம நின்னுட்டேன்னு இதே இடத்துல அழுதீங்க. இனிமே இந்த வண்டி ஊரைத் தாண்டக் கூடாது, நானே வந்து கால்ல விழுந்தாலும் மாட்டாதேன்னீங்க."

"பொய்! நான் எப்பய்யா இங்க வந்தேன்?"

மெக்கானிக் பேட்டரியில் சார்ஜரை மாட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தான்.

"தினமும்தான் வர்றீங்க சார்."