ஒற்றுமைக்கு மார்க்

“நூத்துக்கு இருபத்தொண்ணு! வெளியே சொல்ல வெட்கமா இல்லே, சிஸ்டர்?”

மருத்துவமனைத் தலைவர் டாக்டர் அமெனுவோர் மேஜையில் ஓங்கித் தட்டினார். எதிரே நின்றாள் காஃபுயி. இரண்டாம் நம்பர் ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ் அவள். பேசிப் பேசியே இந்த வினையைத் தேடிக்கொண்டவள்.

போன மாதம் தலைநகர் அக்ராவிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. டாக்டர், நர்ஸ், மயக்க மருந்து கொடுப்பவர் என்று ஆளுக்கொரு படிப்புப் படித்தவர்கள் ஒருவரோடொருவர் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க வந்த குழு. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் என்றால், ஒற்றுமைக்கு அவர்களிடம் முப்பது கேள்விகள் இருந்தன. ‘கூட வேலை செய்பவர் உங்கள் பேச்சை மதிக்கிறாரா?’ ‘சேர்ந்து வேலை செய்வது இனிமையாக இருக்கிறதா?’ ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போட வேண்டும்.

ஒன்றாம் தியேட்டரில் ஐந்து ஐந்தாகப் போட்டுத் தள்ளினார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? “தப்பு கிப்பு இருக்கப் போவுது, நான் ஒருவாட்டி பார்த்துடறேன்” என்று அங்குள்ள பெரிய சர்ஜன் எல்லாத் தாளையும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் உறையில் போட்டார். வந்த குழுவுக்கு மக்காச்சோளக் களியான பாங்குவும் சுட்ட திலாப்பியா மீனும் பரிமாறினார்கள். மார்க் தொண்ணூற்றேழு. கேடயம், கேக், குரூப் போட்டோ எல்லாம் ஆனது.

இரண்டாம் தியேட்டரில் காஃபுயி உள்ளதை உள்ளபடி போட்டாள். மதிக்கிறாரா? ஒன்று. இனிமையா? அதற்கும் ஒன்று, பூஜ்யம் போட வழியில்லாததால். சர்ஜன் டாக்டர் அக்பெகோவும் சளைத்தவரல்ல. வரிசையாக ஒன்று போட்டு, ஓரத்தில் ‘இந்தம்மா என் உயிரை வாங்குகிறாள்’ என்று எழுதியும் வைத்தார்.

உண்மைதான், வாங்கினாள். அந்தக் குழு வந்த அன்றைக்கே வாங்கினாள்.

“நூலைக் கொடு, வயித்தை மூடணும்.”

“ரத்தம் ஒத்துற துணி ஒண்ணு குறையுது, டாக்டர். கணக்கு சரியாகாம நூல் கிடையாது.”

“கீழே எங்கயாச்சும் விழுந்திருக்கும். கொடுன்னா கொடு!”

“கீழே தேடியாச்சு. உள்ளே தேடுங்க.”

“இங்கே டாக்டர் நானா, நீயா?”

“நீங்கதான். அதனாலதானே உங்களைத் தேடச் சொல்றேன்.”

அக்பெகோ பல்லைக் கடித்துக்கொண்டு தேடினார். குடலுக்குப் பின்னாலிருந்து துணி வந்தது. அவர் நன்றி சொல்லவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை. வாசலில் காத்திருந்த அக்ரா குழு மட்டும், சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தது.

“எப்பப் பார்த்தாலும் டாக்டரோட மல்லுக்கு நிக்கிறியே! ஒண்ணாம் தியேட்டரைப் பாரு, ஒரு சத்தம் உண்டா?” என்றார் தலைவர்.

காஃபுயிக்குப் பொறுக்கவில்லை.

“இல்லைதான், ஐயா. ஈஸ்டர் சமயத்துலே ஒரு பொம்பளை அங்கே ஆபரேஷன் முடிஞ்சு, வயித்துக்குள்ளே துணியோட வீட்டுக்குப் போச்சே, அப்பவும் யாரும் சத்தம் போடலே.”

“அது வேற விஷயம். அந்த முப்பது கேள்வியிலே அது வரலே.”

தலைவர் ஒரு தாளை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“நடவடிக்கை எடுத்தோம்னு அக்ராவுக்கு நான் காட்டணும். ஏரிக்கு அக்கரையிலே இருக்கிற கிளினிக்குக்கு உன்னை மாத்தறேன். அங்கே நீ ஒருத்திதான். யாரோட சண்டை போடறேன்னு பார்க்கலாம்.”

அங்கே தியேட்டரும் கிடையாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. அழுதால் அவருக்குத்தான் கொண்டாட்டம் என்று காஃபுயி கண்ணீரை அடக்கிக்கொண்டாள். இடுப்பிலிருந்த தியேட்டர் சாவிக் கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“சரி, ஐயா. இன்னிக்கே ஒப்படைச்சுடறேன்.”

தலைவர் பதறிப்போனார்.

“இன்னிக்கா? இன்னிக்குன்னு யார் சொன்னது? திங்கக்கிழமை போனாப் போதும்.” சாவியை அவரே அவள் பக்கம் தள்ளினார்.

என்ன இருந்தாலும் மனிதர்தானே, மூட்டை கட்ட நாலு நாள் விடுகிறார் என்று நினைத்தாள் காஃபுயி. திட்டிய வாய்க்கு நன்றி சொல்லக்கூடத் தோன்றியது அவளுக்கு.

“கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும், ஐயா.”

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். குரல் இறங்கியது, கூடவே மரியாதையும் ஏறியது.

“சிஸ்டர், வெள்ளிக்கிழமை காலையிலே ஒரு கேஸ் இருக்கு. பித்தப்பைக் கல். வயித்தைத் திறக்கணும். ரெண்டாம் தியேட்டர்லே அக்பெகோ பண்றார். நீங்க கண்டிப்பா இருக்கணும்.”

“நோயாளி யாரு, ஐயா?”

அவர் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு முனகினார்.

“நான்தான்.”

காஃபுயி சாவிக் கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஒண்ணாம் தியேட்டர் அன்னிக்குக் காலியாத்தானே இருக்கு, ஐயா? கேடயம் வாங்கினவங்களாச்சே.”

அவர் காதில் அது விழவே இல்லை. கிட்டே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்:

“உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், சிஸ்டர். மேஜையிலே கிடக்கிறது தலைவராச்சேன்னு தயங்கி, அன்னிக்குப் பார்த்து டாக்டரோட ஒத்துப்போயிடாதீங்க!”